எங்கிருந்து எடுத்தாய்?
சான்றுகளை இனங்காணக் கற்பித்தல்

(ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேற்கோள் காட்டுவது எப்படி என்று உங்களுக்குக் கற்றுத்தர நான் வரவில்லை. அதில் நாம் எல்லோருமே தேர்ந்தவர்கள். மேலதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் எழுதும்போது, 'பொருள்' எழுதிய கையோடு 'பார்வை' என்று தலைப்பிட்டு, அதன் கீழே அரசாணை எண், துறை, நாள் ஆகியவற்றை எழுதுகிறோம். அடுத்த வரியில் இயக்குநரின் செயல்முறைகள், ந.க. எண், நாள். அதற்கும் கீழே முதன்மைக் கல்வி அலுவலரின் செயல்முறைகள். எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் கோப்பு திரும்பி வந்துவிடும் என்று இரண்டு முறை சரிபார்த்துத்தான் கையெழுத்திடுகிறோம்.

சான்றுகளில் வகை உண்டு என்பதும் நமக்குத் தெரியும். அகவிலைப்படி உயர்வு என்று ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தவுடன் நாம் கேட்கும் முதல் கேள்வி, "ஜி.ஓ. வந்துடுச்சா?" என்பதுதான். அதே செய்தி நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தாலும், அதை வைத்துச் சம்பளப் பட்டியல் போட முடியாது. சங்க நிர்வாகியின் குரல் பதிவு, நாளிதழ்ச் செய்தி, அரசாணை, பின்னால் வரும் தெளிவுரைக் கடிதம் என நான்கும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. ஆனால் நான்கின் எடையும் வேறு வேறு. இதை நமக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தரவில்லை. தேவை கற்றுக்கொடுத்தது.

இதே கண்ணோடு நம் மாணவர் ஒப்படைக்கும் செயல்திட்டத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். 'ஆதாரம்: கூகுள்', 'ஆதாரம்: இணையம்', 'ஆதாரம்: யூடியூப்' என்று ஒரே வரி இருக்கும். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கூகுள் ஒரு பேருந்து

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இதைச் சொல்லும்போது நான் ஒரு கேள்வி கேட்பேன். "உன் மாமா எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்று கேட்டால், 'பஸ்ஸிலிருந்து வந்தார்' என்று சொல்வாயா?" பிள்ளைகள் சிரிப்பார்கள். கூகுள் ஒரு பேருந்து. அது நம்மை ஓர் ஊரில் கொண்டுபோய் இறக்குகிறது. ஆதாரம் என்பது அந்த ஊரின் பெயர். யூடியூப்பும் அப்படித்தான். அதில் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியரின் உரையும் இருக்கும், யாரோ ஒருவர் தம் விருப்பத்துக்குப் பேசியதும் இருக்கும். 'நூலகம்' என்று ஆதாரம் எழுதினால் நாம் ஏற்க மாட்டோம். 'இணையம்' என்பதும் அதே போன்ற பதில்தான்.

அப்படியானால் ஊரின் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? நான்கு கேள்விகள் போதும். இதை யார் சொன்னார்? எப்போது சொன்னார்? சொன்னதன் பெயர் என்ன? அது எதில் இருக்கிறது? உலகில் நடைமுறையில் இருக்கும் மேற்கோள் முறைகள் பல. ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ., சிகாகோ ஆகியவை கல்லூரிகளில் பரவலாகக் கேட்கப்படுபவை. ஆண்டை எங்கே வைப்பது, எந்தப் பெயரைச் சாய்வெழுத்தில் எழுதுவது, காற்புள்ளியா முற்றுப்புள்ளியா என்பதில் அவை வேறுபடலாம். ஆனால் எல்லா முறைகளும் கேட்பது இந்த நான்கைத்தான். புள்ளி வைப்பதை ஒரு கையேட்டைப் பார்த்து எவரும் செய்துவிடலாம். கையில் இருப்பது எந்த வகைச் சான்று என்று தெரியாவிட்டால் கையேட்டின் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்றே தெரியாது. அதனால்தான் வடிவத்துக்கு முன் வகையைக் கற்பிக்க வேண்டும் என்கிறேன்.

கேள்வி மாறினால் வகையும் மாறும்

ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலில், இடைக்கால இந்திய வரலாற்றின் ஆதாரங்களைப் பற்றிய பாடத்தில், முதல்நிலைச் சான்று, இரண்டாம்நிலைச் சான்று என்ற பிரிவினை வருகிறது. கல்வெட்டு, செப்பேடு, நாணயம் ஆகியவை முதல்நிலை. பிற்காலத்தவர் ஆராய்ந்து எழுதியவை இரண்டாம்நிலை. பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். சிக்கல் அதற்குப் பின்தான். 'நாளிதழ் எந்த நிலை?' என்று கேளுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும்.

இரண்டு பக்கமும் சரிதான். 1908 மார்ச்சில் வ.உ.சிதம்பரனார் கைதானதையடுத்துத் திருநெல்வேலியில் கிளர்ச்சி எழுந்தது. அந்த நாட்களில் வெளிவந்த சுதேசமித்திரன் இதழ், அக்கிளர்ச்சியை ஆராய்பவருக்கு முதல்நிலைச் சான்று. இன்று செப்டம்பர் 5ஆம் நாள் ஒரு நாளிதழில் வ.உ.சி. பிறந்தநாள் கட்டுரை வருகிறது. அதே கிளர்ச்சிக்கு அது இரண்டாம்நிலைச் சான்று. ஆனால் 'இன்றைய இதழ்கள் வ.உ.சி.யை எப்படி நினைவுகூர்கின்றன?' என்று ஒரு மாணவி செயல்திட்டம் செய்தால், அந்தப் பிறந்தநாள் கட்டுரையே அவளுக்கு முதல்நிலைச் சான்றாகிவிடும். தாள் மாறவில்லை. கேள்வி மாறியது, நிலையும் மாறியது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல்நிலைச் சான்று என்றாலே அது முழு உண்மை என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். புதுச்சேரியில் டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அக்காலப் புதுச்சேரிக்கு அதைவிட நெருக்கமான சான்று அரிது. ஆனால் அதில் அவர் கண்ணால் கண்டதும் இருக்கிறது, பிறர் சொல்லக் கேட்டதும் இருக்கிறது, அவருடைய விருப்பு வெறுப்பும் இருக்கிறது. அந்த நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. ஒருவர் அந்த ஆங்கிலத் தொகுதியைப் படித்துவிட்டு எழுதினால், மொழிபெயர்ப்பைப் படித்ததாகத்தான் குறிப்பிட வேண்டும். இடையில் இன்னொருவர் கை பட்டிருக்கிறது அல்லவா?

அறிவியல் ஆசிரியர்களுக்கும் இதில் வேலை உண்டு. அறிவியலில் முதல்நிலைச் சான்று என்பது, ஆய்வு செய்தவரே தம் கண்டுபிடிப்பை முதன்முதலாக வெளியிட்ட கட்டுரை. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளுக்கு நம் பிள்ளைகள் ராமன் விளைவைப் பற்றிச் சுவரிதழ் எழுதுகிறார்கள். அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிய குறிப்பு 'நேச்சர்' இதழில் 1928 மார்ச் 31 அன்று, தொகுதி 121, பக்கம் 501இல் வெளியானது. அதில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒருவர் சி.வி.ராமன். மற்றவர் கே.எஸ்.கிருஷ்ணன், வத்திராயிருப்பில் பிறந்தவர். சுவரிதழ்களில் பெரும்பாலும் ஒரு பெயர்தான் இருக்கும். முதல்நிலைச் சான்றைத் தேடிப் போன ஒரு மாணவனுக்கு இரண்டாவது பெயரும் கிடைக்கும். உழைத்தவர் பெயர் விடுபடாமல் இருப்பதற்கும் சான்றை இனங்காணத் தெரிய வேண்டும்.

அகராதி, கலைக்களஞ்சியம், பாடநூல் ஆகியவற்றை மூன்றாம்நிலைச் சான்றுகள் என்பார்கள். பலருடைய ஆய்வுகளைத் தொகுத்துச் சுருக்கித் தருபவை அவை. பெ.தூரன் முதன்மை ஆசிரியராக இருக்க, 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விக்கிப்பீடியாவும் இந்த வகைதான். மூன்றாம்நிலை என்பது தாழ்ந்த நிலை என்று பொருளல்ல. தேடலைத் தொடங்க அதைவிட நல்ல இடம் இல்லை. அங்கேயே நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பெட்டிக்குள் பெட்டி

'அது எதில் இருக்கிறது?' என்ற நான்காவது கேள்விதான் மாணவருக்குக் கடினமானது. ஒரு நூலில் பத்துப் பேர் எழுதிய பத்துக் கட்டுரைகள் இருக்கும். மாணவர் படித்தது ஒரு கட்டுரையை. எழுதுவதோ அட்டையில் இருக்கும் தொகுப்பாசிரியர் பெயரை. எம்.எல்.ஏ. முறையில் இதற்கு ஒரு நல்ல விளக்கம் உண்டு. சான்றை ஒரு பொருளாகவும், அது இருக்கும் இடத்தை ஒரு கொள்கலனாகவும் பார்க்கச் சொல்கிறார்கள். நான் வகுப்பில் இதைப் 'பெட்டிக்குள் பெட்டி' என்கிறேன். கட்டுரை ஒரு பொருள், தொகுப்பு நூல் ஒரு பெட்டி, அந்த நூல் வைக்கப்பட்டிருக்கும் தமிழ் மின்னூலகம் அதற்கு வெளியே இன்னொரு பெட்டி.

இதற்கு நம் வரலாற்றிலேயே அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்ற கருத்தைச் சொன்னவர் கால்டுவெல் என்று எழுதுகிறோம். அவருடைய ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, 1816இல், சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் அந்தக் கருத்தை எழுதிவிட்டார். அது எல்லிஸ் பெயரில் தனி நூலாக வரவில்லை. கேம்பெல் என்பவர் எழுதிய தெலுங்கு இலக்கண நூலின் முன்பகுதியில் இடம்பெற்றது. அட்டையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் எல்லிஸ் படமாட்டார். பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்குத்தான் தெரிவார். இதை மேற்கோள் காட்டும்போது எல்லிஸ் பெயரும் வேண்டும், கேம்பெல் பெயரும் வேண்டும்.

ஒரே எழுத்து இரண்டு பெட்டிகளிலும் இருக்கலாம். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 தொடங்கி 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. நூலாக வந்தது 1950இல். விகடன் இதழைப் பார்த்து எழுதியவர் இதழின் நாளையும் பக்கத்தையும் தர வேண்டும். நூலைப் பார்த்தவர் 1950ஆம் ஆண்டுப் பதிப்பையோ, தம் கையில் இருக்கும் பிற்காலப் பதிப்பையோ தர வேண்டும். பக்க எண் அதைப் பொறுத்து மாறும். சரிபார்க்க வருபவர் தேடி அலையக் கூடாது.

பெட்டியை அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு. நூலின் பின்னட்டையில் பட்டைக் குறியீட்டின் மேல் 978 என்று தொடங்கும் 13 இலக்க எண் இருந்தால் அது ஐ.எஸ்.பி.என்.; கையில் இருப்பது நூல். நான்கு நான்காகப் பிரித்த எட்டு இலக்க ஐ.எஸ்.எஸ்.என். இருந்தால் அது தொடர்ந்து வெளிவரும் இதழ். 10 என்ற எண்ணும் ஒரு புள்ளியுமாகத் தொடங்கும் டி.ஓ.ஐ. எண் ஆய்விதழ்க் கட்டுரைகளில் அதிகம் தென்படும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை நூலக அலமாரி முன் நிறுத்தி, இந்த எண்களைத் தேடச் சொல்லிப் பாருங்கள். புதையல் வேட்டை போல ஓடுவார்கள்.

இரண்டு விடை, இரண்டும் சரி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை எவ்வளவு? ஒரு மாணவி 7,21,38,958 என்று எழுதி வருவாள். இன்னொருவன் 7,21,47,030 என்று எழுதி வருவான். இருவரும் ஆதாரமாக 'மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011' என்றே எழுதியிருப்பார்கள். எழுத்தறிவு வீதத்திலும் ஒருவர் 80.33 என்பார், மற்றவர் 80.09 என்பார்.

இருவரும் தவறில்லை. கணக்கெடுப்பு முடிந்தவுடன் 2011இல் வெளியிடப்பட்டவை தற்காலிக மொத்தங்கள். பின்னர் முழுமையாகச் சரிபார்த்து வெளியிடப்பட்டவை இறுதி எண்கள். இரண்டுக்கும் இடையே 8,072 பேர் வேறுபாடு. ஒரே அரசுத் துறை, ஒரே கணக்கெடுப்பு, ஆனால் இரண்டு வேறு வெளியீடுகள். 'தற்காலிகம்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து எழுதியிருந்தால் எந்தக் குழப்பமும் இல்லை. வகுப்பில் இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, 'யார் சொல்வது சரி?' என்று கேளுங்கள். ஆதாரத்தை முழுமையாக எழுத வேண்டும் என்பதற்கு அரை மணி நேரம் நாம் பேசிப் புரியவைக்க வேண்டியதை அந்த எண்களே புரியவைத்துவிடும்.

படித்ததைச் சொல்

மேற்கோள் காட்டுவதில் நேர்மை என்பது ஒரே விதியில் அடங்கும்: நீ எதைப் படித்தாயோ அதைச் சொல். படிக்காததைப் படித்ததாகச் சொல்லாதே.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை முறையைச் சொல்வது. அந்தக் கல்லைப் படித்துப் பதிப்பித்தவர்கள் இருக்கிறார்கள். அதை வைத்துச் சோழர் ஆட்சிமுறையை ஆராய்ந்து நீலகண்ட சாஸ்திரி போன்றவர்கள் நூல் எழுதினார்கள். அவற்றிலிருந்து பாடநூல் வந்தது. பாடநூலிலிருந்து நம் மாணவர் குறிப்பெடுத்தார். இத்தனை கை மாறி வந்திருக்க, 'ஆதாரம்: உத்திரமேரூர்க் கல்வெட்டு' என்று எழுதினால் பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் மாணவர் படித்தது பாடநூலை. 'உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலில் கூறப்பட்டபடி' என்று எழுதினால் அது நேர்மையான மேற்கோள். அதில் எந்தக் குறைவும் இல்லை.

கீழடியும் அப்படியே. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரி அமெரிக்காவிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு, அதன் காலம் கி.மு. 580 என்று கணிக்கப்பட்டது. அந்த முடிவைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் அறிக்கையாக வெளியிட்டது. நாளிதழ்கள் '2,600 ஆண்டுகள்' என்று தலைப்பிட்டன. காணொலிகள் வந்தன. அதன் பிறகு வாட்ஸ்அப்பில் வந்தவற்றில் சில, ஆண்டைத் தம் விருப்பத்துக்குக் கூட்டிக்கொண்டே போயின. ஒரு மாணவர் இந்தப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக மேலே ஏறி, அறிக்கை வரைக்கும் போகக் கற்றுக்கொண்டார் என்று வையுங்கள். அதன்பின் அவரிடம் எவரும் எதையும் எளிதில் சொல்லி நம்பவைத்துவிட முடியாது. சமூக அறிவியல் பாடத்தின் பயன் இதைவிட வேறென்ன?

பாட்டியும் ஒரு சான்று

நம் பள்ளிகளில் மிகுதியாகக் கிடைப்பதும், ஆதாரப் பட்டியலில் ஏறாமல் போவதும் ஒன்றுதான்: வீட்டுப் பெரியவர்கள் சொன்னவை. பழைய நெல் வகைகள், ஏரிக்குத் தண்ணீர் வந்த வழி, ஊர்த் தேர் எந்தத் தெருவில் திரும்பும், வண்டிப்பாதை எது என்பதையெல்லாம் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வருகிறார்கள். ஆதாரம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். கேட்டால், "அது எங்க ஆயா சொன்னது டீச்சர், புக்குல இல்ல" என்பார்கள்.

நேரில் கேட்டு எழுதியதும் ஒரு சான்று வகைதான். ஏ.பி.ஏ. முறை இதைத் தனிப்பட்ட தகவல் தொடர்பு என்கிறது. வேறு எவரும் எடுத்துப் பார்க்க முடியாது என்பதால் இறுதிப் பட்டியலில் சேர்க்காமல், கட்டுரைக்குள்ளேயே பெயரையும் நாளையும் குறிக்கச் சொல்கிறது. எம்.எல்.ஏ. முறை நேர்காணலைப் பட்டியலிலும் சேர்க்க இடம் தருகிறது. எந்த முறையானாலும் சொன்னவர் பெயர், ஊர், வயது, தொழில், கேட்ட நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளப் பழக்குவோம். அதற்கு முன், 'உங்க பேரை எழுதலாமா?' என்று அவரிடம் அனுமதி கேட்கவும் பழக்க வேண்டும்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் ஆயாவின் பெயரை, விதைநெல் பற்றிய செயல்திட்டத்தில் ஆதாரம் என்ற தலைப்பின் கீழே எழுதினாள். வீட்டில் அதைக் காட்டியபோது, ரேஷன் அட்டையையும் வாக்காளர் அட்டையையும் தவிர வேறெங்கும் தன் பெயரைப் பார்த்திராத அந்த அம்மா, "எழுத்துக் கூட்டிப் படி" என்று மூன்று முறை கேட்டாராம். படித்தவர்களின் பெயர் மட்டும்தான் ஆதாரமாக ஏறும் என்ற எண்ணத்தை நம் பிள்ளைகளிடமிருந்து எடுக்க வேண்டும்.

இணையமும் செயற்கை நுண்ணறிவும்

இணையத்தில் கிடைப்பவை எல்லாம் ஒரே வகையல்ல. புத்தகத்தின் மின்வடிவம் அங்கே இருந்தாலும் அது புத்தகம்தான். அரசு அறிக்கையின் பி.டி.எஃப். கோப்பு, அறிக்கைதான். நாளிதழின் இணையப் பதிப்பு, நாளிதழ்தான். முதலில் அந்த வகையைக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு முகவரியைச் சேர்க்க வேண்டும். விக்கிப்பீடியா போல அடிக்கடி மாறும் பக்கமாக இருந்தால், பார்த்த நாளையும் எழுத வேண்டும். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றங்களின் வரலாறு இருக்கிறது; யார், எப்போது, எதைத் திருத்தினார் என்பதை மாணவர்களுக்குத் திறந்து காட்டுங்கள். அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும் மேற்கோள்களே அடுத்த படிக்கட்டு.

இப்போது பிள்ளைகள் செல்பேசியில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதி வருகிறார்கள். இதை எப்படி மேற்கோள் காட்டுவது என்பதில் முறைகளே ஒத்துப்போகவில்லை. ஏ.பி.ஏ. முறையில் அந்தச் செயலியை உருவாக்கிய நிறுவனத்தை ஆசிரியர் இடத்தில் எழுதுகிறார்கள். எம்.எல்.ஏ. அதை ஆசிரியராக ஏற்பதில்லை. என்ன கேட்டோம் என்பதை எழுதச் சொல்கிறது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. செயற்கை நுண்ணறிவு, இல்லாத நூலையும் இருப்பது போலவே ஆசிரியர், ஆண்டு, பக்கத்தோடு எழுதித் தரக்கூடும். 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் அப்படிக் கிடைத்த தீர்ப்புகளை நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்தார்கள். அந்தத் தீர்ப்புகள் எங்குமே இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். சட்டம் படித்தவர்களுக்கே அந்த நிலை. எனவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: அது ஒரு நூலின் பெயரைச் சொன்னால், அந்த நூல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா.

ஏன் இப்போதே?

இதெல்லாம் கல்லூரிக்குப் போய்க் கற்றுக்கொள்வார்களே என்று சிலர் கேட்கிறார்கள். முதுகலை படித்த என் முன்னாள் மாணவி ஒருத்தி ஒருநாள் தொலைபேசியில் அழுதாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவளுடைய ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "டீச்சர், நான் திருடல. நல்லா இருந்துச்சுன்னு எடுத்து எழுதினேன். எங்கிருந்து எடுத்தேன்னு எழுதணும்னு யாரும் சொல்லல" என்றாள்.

பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத் திருட்டைத் தடுக்க 2018இல் விதிமுறைகள் வெளியிட்டது. பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் அளவு 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தி மீண்டும் தர வேண்டும். 40ஐத் தாண்டினால் ஓராண்டுக்குத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். வீட்டில் புத்தகங்களோடு வளர்ந்த பிள்ளைக்கு இந்த நடைமுறையைச் சொல்ல அண்ணனோ அத்தையோ இருப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம்தான் இருக்கிறோம்.

எந்த வகுப்பில் எவ்வளவு

தொடக்கப் பள்ளிக்கு மூன்று சொற்கள் போதும்: கண்டேன், கேட்டேன், படித்தேன். குழந்தை எதைச் சொன்னாலும் 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று அன்பாகக் கேளுங்கள். 'மயில் பாம்பைத் தின்னும்' என்று ஒரு குழந்தை சொன்னால், கண்டாயா, கேட்டாயா, படித்தாயா? மூன்று கட்டங்கள் வரைந்து பதிலை எழுதுங்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தை சான்றின் வகையை இனங்காணத் தொடங்கிவிட்டது.

நடுநிலை வகுப்புக்கு ஒரு பாடவேளைச் செயல்பாடு சொல்கிறேன். பாடநூல், நாளிதழ்ப் பக்கம், சிறுவர் இதழ், அகராதி, கட்டுரைத் தொகுப்பு, கிராம சபைத் தீர்மான நகல், பழைய கிரயப் பத்திரத்தின் நகல், திருமண அழைப்பிதழ், அச்செடுத்த விக்கிப்பீடியாப் பக்கம், வாட்ஸ்அப் செய்தியின் அச்சுப்படி என்று பத்துப் பொருள்களை மேசையில் பரப்புங்கள். குழுவாக வந்து நான்கு கேள்விகளுக்கு விடை எழுதட்டும். வாட்ஸ்அப் செய்திக்கு யார், எப்போது என்ற கட்டங்கள் காலியாக நிற்கும். அதைப் பற்றி நாம் தனியாக அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. திருமண அழைப்பிதழ் எந்தச் சான்று என்பதில்தான் விவாதம் சூடுபிடிக்கும். எங்கள் வகுப்பில் ஒரு பையன், தாத்தா காலத்து அழைப்பிதழில் எல்லாப் பெயருக்குப் பின்னும் சாதி இருப்பதையும், அண்ணன் அழைப்பிதழில் அந்த இடத்தில் படிப்பு இருப்பதையும் கண்டுபிடித்தான். ஊர் எப்படி மாறியது என்ற கேள்விக்கு அதைவிட நல்ல முதல்நிலைச் சான்று அவனுக்கு எங்கே கிடைக்கும்?

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் ஏதேனும் ஒரு மேற்கோள் முறையைத் தேர்ந்து, பள்ளி முழுவதும் அதையே பின்பற்றுங்கள். தமிழ்ப் பெயர்களில் மட்டும் கவனம் தேவை. நம் முதலெழுத்து தந்தையின் பெயரையோ ஊரையோ குறிப்பது. மேலைநாட்டுக் குடும்பப்பெயர் போன்றதல்ல. 'சாமிநாதையர், உ.வே.' என்று இயற்பெயரை முன்னால் வைத்து, முதலெழுத்தைப் பின்னால் எழுதினால் போதும். ஒரு செயல்திட்டத்துக்கு மூன்று சான்றுகள், மூன்றும் வெவ்வேறு வகை என்று விதி வையுங்கள். ஒன்று அச்சு நூல், ஒன்று இணையத்தில் கிடைத்தது, ஒன்று நேரில் கேட்டது. மதிப்பீட்டில் அதற்கென்று இரண்டு மதிப்பெண் ஒதுக்குங்கள். அட்டைப்படம் ஒட்டுவதற்குச் செலவிடும் நேரத்தை, பிள்ளைகள் கடைசிப் பக்கத்துக்கும் செலவிடத் தொடங்குவார்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். இதைக் கற்ற பிள்ளைகள் நம்மையும் விடமாட்டார்கள். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது கை உயரும். "டீச்சர், இது எதுல இருக்கு?" என்ற கேள்வி வரும். விடை தெரிந்தால் நூலின் பெயரைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "வா, சேர்ந்து தேடுவோம்" என்று நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். கேட்கிற பிள்ளைதான் நாளை ஆய்வு செய்யப் போகிற பிள்ளை.